சீமைக் கரையில் ஒரு துணி நாற்காலி

ஐந்தாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். காரைக்கால் மீன் வியாபாரிகள் ஐஸுக்கு நாகப்பட்டினம் வரைக்கும் ஓடிக்கொண்டிருந்த காலத்தில், கையில் ஒன்றும் இல்லாமல் ஐஸ் கம்பெனி வைத்தேன். இவனாவது ஐஸாவது என்று சிரித்தவர்கள் பிறகு என் வாசலில் வண்டியோடு காத்துக் கிடந்தார்கள். சுனாமி வந்து கம்பெனியைச் சுவரோடு வாரிக்கொண்டு போனது. அதே இடத்தில் முன்னைவிடப் பெரிதாகக் கட்டினேன். பஸ் ஸ்டாண்டுப் பக்கம் கடைகள், மண்டபத்தூர் போகிற வழியில் கல்யாண மண்டபம், எல்லாம் இந்தக் கை கட்டியதுதான். எந்த வாசலில் பார்த்தாலும் கல்லில் என் பெயர் இருக்கும். இதையெல்லாம் பெருமைக்குத்தான் சொல்கிறேன், மறைப்பானேன். இனிமேல் சொல்லப்போவது மட்டும் பெருமைக்கு அல்ல.

என் மகளைப் பிரெஞ்சுக் குடியுரிமை கார்டு உள்ள மாப்பிள்ளைக்குக் கொடுத்தேன். அவர்கள் பிரான்ஸில் சில வருஷம் இருந்துவிட்டு இப்போது இங்கிலாந்தில் இருக்கிறார்கள். போன கோடையில் என்னைக் கூப்பிட்டு, கடலோரக் கிராமம் ஒன்றில் ஒரு வீட்டை வாடகைக்குப் பிடித்துத் தங்க வைத்தார்கள். மேட்டில் பச்சைப் புல்வெளி, புல் முழுக்க ஆடு, கீழே கடல். கரையில் மணலே கிடையாது, அத்தனையும் கூழாங்கல். கோடை என்று பேர், காற்று எலும்பைத் தொட்டது.

"இதுதாம்பா இங்க வெயிலு. இதுக்கே ஜனங்க சட்டையைக் கழட்டிட்டுப் படுத்திருக்கு பாருங்க" என்றாள் மகள்.

அங்கே உட்காருவதற்குத் துணி நாற்காலி வாடகைக்குக் கிடைக்கும். நம் ஊர் ஈஸிசேர் மாதிரிதான், ஆனால் மடக்கினால் பலகைபோல் தட்டையாகிவிடும். ஐஸ் கம்பெனி மெஷினையே பிரித்துப் பூட்டியவன் நான், இதற்கு ஆள் வேண்டாம் என்று பிரிக்கப் போனேன். விரலை நசுக்கிக்கொண்டதுதான் மிச்சம். நாற்காலி கொடுக்கும் பையன் ஓடிவந்தான். மேல் கட்டையைக் கையால் பிடித்து, கீழ்க் கட்டையைக் கால் விரலால் ஒரு தட்டு. நாற்காலி விரிந்து நின்றது. துணியை உள்ளங்கையால் இரண்டு தடவை தட்டிவிட்டு, லேசாகக் குனிந்து ஓரடி பின்னால் நகர்ந்தான்.

அந்தத் தட்டலையும் அந்தக் குனிவையும் என் பத்து வயதில் எங்கள் வீட்டு வாசலில் பார்த்திருக்கிறேன்.

என் அம்மாவின் தம்பி கப்பலில் சமையலாளாகப் போய், இங்கிலாந்தில் இறங்கி அங்கேயே தங்கிவிட்டவர். ஆபீஸில் உத்தியோகம் என்றும், கோடை வந்தால் கடற்கரைக்கு ஓய்வெடுக்கப் போவதாகவும் எழுதுவார். கோட்டும் சூட்டுமாகக் கூழாங்கல் கரையில் துணி நாற்காலியில் சாய்ந்திருக்கும் படம் ஒன்று அனுப்பியிருந்தார். அம்மா அதைக் கண்ணாடி போட்டுச் சுவரில் மாட்டினார். நான் வகுப்பில் ஒருத்தன் விடாமல் கூட்டிவந்து காட்டினேன். நம் ஜனங்கள் கடற்கரைக்கு வலை இழுக்கப் போவார்கள், இல்லாவிட்டால் வேறு ஒன்றுக்குப் போவார்கள். சும்மா உட்காரப் போகிற ஒரே ஆள் என் மாமா. அதில் எனக்கு இருந்த திமிர் கொஞ்சநஞ்சமல்ல.

மாமா கல்யாணத்துக்கென்று லீவில் வந்தார். வாசனை சோப்பும் செண்டும் எல்லோருக்கும். எங்கள் வீட்டுக்கு மட்டும் நீலமும் வெள்ளையுமாகக் கோடு போட்ட ஒரு துணி நாற்காலி. காரைக்கால் டவுனில் பெண் பார்த்து, மாமாவுக்கும் பிடித்துப் போயிற்று. பெண்ணின் புகைப்படத்தைச் சட்டைப் பையிலேயே வைத்திருந்தார். யாரும் இல்லாதபோது எடுத்துப் பார்ப்பார். இனி பெண் வீட்டார் மாப்பிள்ளை வீட்டைப் பார்க்க வர வேண்டியதுதான் பாக்கி.

வந்தார்கள். பெண்ணுக்குப் பெரியப்பாதான் அவர்களில் முக்கியம். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து, பிரான்ஸ் கடற்கரையெல்லாம் பார்த்துவிட்டு வந்து, பென்ஷன் வாங்குகிறவர். அந்த மாதிரி ஆட்களை எங்கள் பக்கம் சொல்தா என்பார்கள். மீசையை முறுக்கிக்கொண்டு, வீட்டுக் கூரையிலிருந்து தொழுவம் வரை பார்த்தார். பிறகு சுவரில் இருந்த படத்துக்கு முன்னால் நெடுநேரம் நின்றார்.

அவருக்குப் படம் பிடித்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். யாரும் கேட்காமலே உள்ளே ஓடி நாற்காலியை இழுத்துவந்து வாசலில் போட்டேன்.

"மாமா, பிரிச்சுக் காட்டுங்க மாமா! கண்ணை மூடித் தெறக்கறதுக்குள்ள பிரிச்சுடுவாரு, பாருங்க!"

மாமா, "உள்ள போடா" என்று பல்லைக் கடித்தார். பெரியப்பா விடவில்லை. "காட்டுங்களேன் தம்பி, சின்னப் புள்ள ஆசையா கேக்குறான்."

காலால் ஒரு தட்டு. துணியில் இரண்டு தட்டல். குனிந்து ஓரடி பின்னால். கூடியிருந்த தெரு ஆட்கள் ஓவென்றார்கள். நான் மடக்கி மடக்கிக் கொடுத்து மறுபடியும் செய்யச் சொன்னேன். ஒவ்வொரு தடவையும் அதே தட்டல், அதே குனிவு. ஒரு தடவைகூட மாமா அதில் உட்காரவில்லை.

பெரியப்பா மெதுவாகக் கேட்டார். "நல்ல பழக்கம்தான். ஒரு நாளைக்கு எத்தனை பிரிப்பீங்க தம்பி?"

மாமா குனிந்து நாற்காலியை மடக்கத் தொடங்கினார். எங்கே என் மாமாவைக் குறைவாக நினைத்துவிடப் போகிறார்களோ என்று எனக்குப் பதைப்பு.

"நூறு பிரிப்பாரு!" என்று கத்தினேன்.

பெரியப்பா சிரிக்கவில்லை. காபியைக் குடித்துத் தம்ளரைக் கீழே வைத்தார். "நாங்க கலந்துகிட்டுச் சொல்லியனுப்புறோம்" என்று எழுந்துவிட்டார். தெருவில் யாரோ சிரித்தார்கள். மாமாவின் காது மடல் சிவந்திருந்தது. நான் அழுதேன், பெரியவர்கள் பேச்சில் குறுக்கே விழுந்ததால்தான் எல்லோரும் கோபமாக இருக்கிறார்கள் என்று எண்ணிக்கொண்டு.

சொல்லியனுப்பவே இல்லை. அம்மா அந்த நாற்காலியை உடைத்து அடுப்பில் வைத்தார். சொல்தாவின் திமிரால் சம்பந்தம் போச்சு என்று சாகும் வரை திட்டினார். மாமா லீவு முடியும் முன்பே கப்பலேறிவிட்டார். புறப்படும்போது என் தலையைத் தடவி, நன்றாகப் படி என்றார். அதையும் நான் செய்யவில்லை. அவர் கல்யாணமே பண்ணிக்கொள்ளாமல் அங்கேயே இறந்துபோனார். என்னைக் குறை சொல்லி யாரிடமும் ஒரு வார்த்தை பேசியதில்லை.

"உக்காருங்கப்பா, வாடகை குடுத்தாச்சு" என்றாள் மகள். என்னால் முடியவில்லை. கூழாங்கல்லில் உட்கார்ந்தேன். ஓய்வெடுக்கப் போகிறவனுக்கு நாற்காலி பிரிக்கத் தெரியாது, வாடகைக்குப் பிரித்துப் போடுகிறவனுக்குத்தான் தெரியும். இது அந்தப் பெரியப்பாவுக்கு அன்றே தெரிந்திருந்தது. எனக்குத் தெரிய விரல் நசுங்க வேண்டியிருந்தது.

ஊருக்குத் திரும்பியதும் அந்தப் பழைய படத்தைச் சுவரிலிருந்து இறக்கினேன். மாமாவின் தோளுக்குப் பின்னால் மடக்கிய நாற்காலிகள் வைக்கோல் போர்போல அடுக்கியிருக்கின்றன. வகுப்புப் பையன்களிடம் அதை மரக்கட்டை விற்கும் மரவாடி என்று சொன்னவன் நான். கரையில் வேறு ஒரு ஆள் இல்லை. கூட்டம் வருமுன்னே யாரையோ விட்டு எடுத்த படம்.

எங்கள் வீட்டில் இன்றைக்கும் அந்தப் பேச்சு வந்தால் சொல்தாவின் தலையில் போடுகிறார்கள், இல்லாவிட்டால் ஜாதகத்தின் தலையில். என்னைத் தெரிந்தவர்களுக்கு என் குணம் தெரியும். நான் போட்ட கல்லில் இன்னொருவன் பெயர் வந்தால் சும்மா இருக்க மாட்டேன். அந்தச் சம்பந்தத்தை முறித்தது நான். அதிலும் என் பெயரைத்தான் சொல்ல வேண்டும்.