பெண்கள் வார்டில் மட்டும் விழுந்தவர்கள்

எங்கள் மருத்துவமனையில் ஆண்கள் யாரும் விழுவதில்லை. அவர்கள் 'தரையில் அமர்ந்த நிலையில் காணப்படுவார்கள்'. அறுவை சிகிச்சை வார்டில் இருப்பவர்கள் 'கட்டிலிலிருந்து இறங்கிவிடுவார்கள்'. எலும்பு முறிவு வார்டுக்கு வருபவர்களே எங்கோ விழுந்துவிட்டு வருபவர்கள்தான் என்பதால், அவர்கள் மறுபடி விழுவதை அங்கே ஒரு செய்தியாக யாரும் மதிக்கவில்லை. பெண்கள் வார்டில் மட்டும் நோயாளிகள் விழுந்தார்கள். எத்தனை மணிக்கு, எந்தப் பக்கமாக, எங்கே கன்றிப்போனது, காலில் என்ன போட்டிருந்தார் என்பதுவரை சுத்தமாக விழுந்தார்கள்.

இது ஆவடியில் ஒரு தனியார் மருத்துவமனை. பல வருடம் ஸ்டோரில் பஞ்சும் பக்கெட்டும் எண்ணிக்கொண்டிருந்த என்னைப் போன வருடம் தூக்கித் 'தரப் பிரிவு' என்று ஒரு நாற்காலியில் உட்கார வைத்தார்கள். பிரிவு என்றால் நானும் ஒரு கம்ப்யூட்டரும்தான். எங்கள் இருவரில் கம்ப்யூட்டருக்கு அனுபவம் அதிகம். ஒவ்வொரு வார்டிலும் சம்பவ நோட்டு என்று ஒன்று உண்டு. யாராவது விழுந்தால், மாத்திரை மாறிப்போனால், நர்ஸின் விரலில் ஊசி குத்திவிட்டால் அதில் எழுத வேண்டும். தரச்சான்றுக்கு ஆய்வாளர்கள் வரப்போகிறார்கள், எல்லா நோட்டுகளையும் ஒரே அட்டவணையாக்கிக் கொடுங்கள் என்று பெரிய டாக்டர் சொன்னார். மருத்துவமனையை நடத்துபவரை நாங்கள் அப்படித்தான் அழைப்போம். சின்ன டாக்டர் என்று யாரும் கிடையாது.

நெமிலிச்சேரியில் ரயில் ஏறி ஆவடியில் இறங்குவதற்குள் தடித்தடியான நாவல்களைப் படித்துத் தீர்த்தவன் நான். வரிகளுக்கு இடையில் படிக்கத் தெரிந்தவன் என்று எனக்கு நானே சான்றிதழ் கொடுத்து வைத்திருந்தேன். அப்பேர்ப்பட்டவன் என்ன செய்தேன் என்றால், நான்கு நோட்டுகளிலும் 'விழுந்தார்' என்ற சொல் எத்தனை முறை வருகிறது என்று எண்ணினேன். எண்ணிக் கலர்கலராகப் படம் போட்டேன். பெண்கள் வார்டு தென்னைமரமாக நின்றது. மற்ற மூன்றும் அதன் அடியில் முளைத்த புல்.

சனிக்கிழமைக் கூட்டத்தில் பெரிய டாக்டர் அந்தப் படத்தை மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு ஒருமுறை, மாட்டிக்கொண்டு ஒருமுறை பார்த்தார்.

"பெண்கள் வார்டு சிஸ்டரை மாத்திடலாம். ஒண்ணாந்தேதிலேர்ந்து கீழ டோக்கன் கவுண்டர். மேல வேற யாரையாவது போடுங்க" என்றார்.

அந்த சிஸ்டர் அதே வார்டில் இருபது வருடமாக இருப்பவர். ஞாயிற்றுக்கிழமை பட்டாபிராமில் சர்ச்சுக்குப் போவதற்கு முன்பு கூட வார்டை ஒரு நடை எட்டிப் பார்த்துவிட்டுப் போகிறவர். ஒண்ணாம் தேதிக்குப் பன்னிரண்டு நாள் இருந்தது.

அன்று மத்தியானமே என் அறைக்கு வந்தார்.

"சார், படம் நல்லா இருக்குன்னு எல்லாரும் சொல்றாங்க."

"அது கம்ப்யூட்டர் போட்டது, சிஸ்டர்."

"அப்ப நான் கம்ப்யூட்டர்கிட்டதான் சண்டை போடணுமா? சரி, அதைக் கொஞ்சம் திரும்பி உக்காரச் சொல்லுங்க."

நான் கம்ப்யூட்டரைப் பார்த்தேன். அது எனக்கு உதவுவதாகத் தெரியவில்லை.

"டோக்கன் குடுத்தா நான் ஒண்ணும் கரைஞ்சு போயிட மாட்டேன் சார். ஆனா என் வார்டுல இருக்கிற பொண்ணுங்க எல்லாம் பாத்துட்டு இருக்காங்க. எழுதினா இதான் கதின்னா, நாளைலேர்ந்து ஒரு வரி எழுத மாட்டாங்க. நான் சொன்னாலும் எழுத மாட்டாங்க." கதவுவரை போய்விட்டுத் திரும்பினார். "ஆண்கள் வார்டு நோட்டை இன்னொருவாட்டி எடுங்க. எண்ணாதீங்க. படிங்க."

படித்தேன். 'நோயாளி குளியலறை அருகே தரையில் அமர்ந்த நிலையில் காணப்பட்டார். நெற்றியில் தையல் போடப்பட்டது.' உட்கார்ந்ததற்கா தையல் போட்டார்கள்? இன்னொரு இடத்தில், ஒருவர் 'ஓய்வாகத் தரையில் சாய்ந்திருந்தார்', பிறகு எக்ஸ்ரேவுக்கு அனுப்பப்பட்டார். புனைகதையில் இவ்வளவு கட்டுப்பாட்டோடு எழுதுபவர்களை நான் அதிகம் கண்டதில்லை.

நோட்டை எடுத்துக்கொண்டு ஆண்கள் வார்டுக்குப் போனேன். அங்கே பொறுப்பில் இருந்த ஆண் நர்ஸை எல்லோரும் பிரதர் என்போம். அவர் ஒளிவுமறைவில்லாமல் சொன்னார்.

"விழுந்தார்னு எழுதினா, எழுதினவன் பேர்ல மெமோ வரும் சார். ஏன் விழவிட்டேன்னு கேப்பாங்க. அமர்ந்தார்னு எழுதினா வராது. பேஷன்ட் உக்கார்றதுக்கு யாராவது மெமோ குடுப்பாங்களா?"

"பெண்கள் வார்டுக்கு மெமோ வரலையா?"

"வருது. அந்தம்மா வாங்கி டிராயர்ல போட்டுக்கிட்டு அடுத்ததை எழுதுது. நமக்கு அந்த தைரியம் கிடையாது சார்."

எனக்கும் கிடையாது. ஆனாலும் அன்றைக்கு உட்கார்ந்து ஒரு படிவம் போட்டேன். நான்கு வார்டுக்கும் ஒரே தாள், ஒரே கேள்விகள். முதல் கேள்வி: 'நோயாளி தான் நினைக்காமலே தரைக்கு வந்தாரா?' வந்தார் என்றால் விழுகை. அமர்வது, சாய்வது, இறங்குவது எதற்கும் அங்கே இடம் இல்லை. பிறகு எந்த இடம், எத்தனை மணி, என்ன செய்துகொண்டிருந்தார், காலில் என்ன போட்டிருந்தார். கடைசிக் கேள்வி என் மூளையில் உதித்ததல்ல. சிஸ்டர் இத்தனை வருடமாக ஒவ்வொரு சம்பவத்துக்கும் அதை எழுதி வைத்திருந்தார். எழுதியவர் பெயருக்கு மட்டும் நான் கட்டம் போடவில்லை.

பழைய நோட்டுகளில் இருந்த ஒவ்வொரு சம்பவத்தையும் இந்தத் தாளுக்கு மாற்ற ஒரு வாரம் ஆயிற்று. நோட்டில் இல்லாததை வார்டு வார்டாகப் போய்க் கேட்டுக் கட்டங்களை நிரப்பினேன். மாடியைப் பெருக்கித் துடைக்கும் ஆயாம்மா கோவில்பதாகையிலிருந்து வருபவர். எந்த நோட்டையும் விட அவருக்கு ஞாபகம் அதிகம்.

"இன்னா சார், வுயுந்தவங்கள எண்ணிக்கினு கீறியாமே? என்னைக் கேட்டா சொல்லப்போறேன். ஆம்பள வார்டுல ஜன்னல் கட்டிலு பெருசு, அறுப்பு வார்டுல மீசைக்காரரு, அப்பால வெள்ளானூர்க்காரம்மா, எல்லாம் ஒரே எடத்துலதான் தொபுக்கடீர்னு வுயுந்துச்சுங்க."

"எந்த இடம்?"

"பாத்ரூம் வாசல்ல. வா, காட்றேன்."

காட்டினார். நம் ஊரில் வெளிச்செருப்பை வார்டு வாசலோடு கழற்றி விட்டுவிடுவார்கள். வெறுங்காலோடு கக்கூஸுக்குள் போகவும் மாட்டார்கள், கக்கூஸில் போட்ட செருப்போடு வெளியே வரவும் மாட்டார்கள். அதனால் ஒவ்வொரு வார்டிலும் பாத்ரூம் வாசற்படியில் ஒரு பொதுச் செருப்பு கிடக்கும். உள்ளே போகிறவர் அதில் காலை விட வேண்டும், வெளியே வருகிறவர் ஈரத்தோடு படியில் ஒற்றைக்காலில் நின்று அதை உதற வேண்டும். இதை ஒரு கையில் சலைன் பாட்டிலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு செய்ய வேண்டும். சர்க்கஸில் இதற்குக் கீழே வலை கட்டுவார்கள்.

நீல ரப்பர் செருப்பு, பத்தாம் நம்பர். நான்கு வார்டிலும் அதே நீலம், அதே பத்து.

"எந்த மவராசன் வாங்கினான்னு தெரியல" என்றார் ஆயாம்மா. "ஆனைக்கே லூசா இருக்கும்போல கீது. அந்த வெள்ளானூர்க்காரம்மா காலு இத்தினிக்காண்டு. உள்ள வுட்டா ஓடத்துல ஒக்காந்தா மேரி கீது."

"நான்தாம்மா வாங்கினேன்."

உண்மைதான். ஸ்டோரில் இருந்தபோது வாங்கியது. அளவு அளவாக வாங்கினால் ரிஜிஸ்டரில் ஆறு வரி எழுத வேண்டும். பெரிய கால் சின்னச் செருப்பில் நுழையாது, சின்னக் கால் பெரிய செருப்பில் நுழையும் என்று தர்க்கரீதியாக யோசித்து எல்லாவற்றையும் பத்தாம் நம்பராக வாங்கினேன். ஒரே வரியில் வேலை முடிந்தது என்று அன்று என்னை நானே மெச்சிக்கொண்டதும் நினைவுக்கு வந்தது.

ஆயாம்மா என் காலைப் பார்த்தார். "உடு சார். உனக்குக் கரீட்டா இருந்துக்கீது, வாங்கிட்டே."

அடுத்த சனிக்கிழமை புதுப் படத்தோடு கூட்டத்துக்குப் போனேன். ஒண்ணாம் தேதிக்கு ஐந்து நாள். தென்னைமரத்தைக் காணோம். நான்கு வார்டும் ஏறக்குறைய ஒரே உயரத்தில் தோளோடு தோள் நின்றன. ஆண்கள் வார்டு கொஞ்சம் தலைதூக்கி நின்றது.

பெரிய டாக்டர் வெகுநேரம் பார்த்தார். "போன வாரம் ஒரு வார்டுதானே பிரச்சனை? நீங்க ஒரே வாரத்துல நாலு ஆக்கிட்டீங்களே."

"போன வாரமும் நாலுதான் சார். மூணை நான் எண்ணலை."

செருப்பு விஷயத்தைச் சொன்னேன். பெரும்பாலான விழுகை அந்தப் படியில்தான், காலில் என்ன இருந்தது என்று எழுதி வைத்திருந்தது சிஸ்டரின் நோட்டு மட்டும்தான் என்றேன்.

"இந்தச் செருப்பை வாங்கினது யாரு?"

அறையில் இருந்தவர்கள் எல்லோரும் கூரையில் இருந்த மின்விசிறியை ஆராய்ந்தார்கள்.

"நான்தான் சார்."

"அப்ப டோக்கன் கவுண்டருக்கு யாரை அனுப்பறது?"

கூட்டத்துக்கு வந்திருந்த பிரதர்தான் முதலில் சிரித்தார். அந்தச் சிரிப்பில் எனக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது.

"என்னை அனுப்புங்க சார், போறேன். ஆனா சிஸ்டரை மாத்தினா அடுத்த மாசம் இந்தப் படத்துல ஒரு விழுகைகூட இருக்காது."

"நல்லதுதானே?"

"நோட்டுலதான் விழ மாட்டாங்க சார். பாத்ரூம்ல விழுந்துட்டேதான் இருப்பாங்க. நமக்குத் தெரியாது, அவ்வளவுதான்."

பெரிய டாக்டர் பேனாவின் மூடியைக் கழற்றினார், மாட்டினார், கழற்றினார். பிறகு மாற்றல் உத்தரவை எடுத்துக் குறுக்காக ஒரு கோடு போட்டார். விழுந்ததை எழுதியதற்காக இனி யாருக்கும் மெமோ போகாது என்று மானேஜரிடம் சொன்னார், கேட்காதவர்களுக்காக இரண்டாம் முறையும் சொன்னார். என் பக்கம் திரும்பி, "செருப்பைத் தூக்கிப் போடுங்க. இந்தவாட்டி எல்லா சைஸும் வாங்குங்க. ஆறு வரி எழுதினா கை ஒண்ணும் தேஞ்சு போயிடாது" என்றார்.

ஆறு வரி விஷயம் அவருக்கு எப்படித் தெரிந்தது என்று இன்றுவரை தெரியவில்லை. ஆயாம்மாவைச் சந்தேகிக்கிறேன். ஆனால் அவரிடம் நான் அதைச் சொன்னதாகவும் நினைவில்லை.

ஒண்ணாம் தேதி காலை பெண்கள் வார்டுக்குப் போனேன். சிஸ்டர் வழக்கமான இடத்தில் இருந்தார். துல்லியமாகச் சொன்னால், மூன்றாம் கட்டிலின் கால்மாட்டில் குனிந்து, ஒரு பாட்டியம்மாளின் பாதத்தைக் கட்டுத் துணியால் அளந்துகொண்டிருந்தார். அந்த அம்மாள், கல்யாணத்துக்குக் கூட எனக்கு இப்படி அளவெடுக்கவில்லை என்று கூச்சத்தோடு சிரித்தார். நன்றி, மன்னிப்பு என்று இரண்டு நீளமான வாக்கியங்களை நெமிலிச்சேரியிலிருந்தே தயாரித்துக்கொண்டு வந்திருந்தேன். முதல் வாக்கியத்தின் எழுவாய்க்கு வந்தபோது சிஸ்டர் நிமிர்ந்தார்.

"வந்துட்டீங்களா? சும்மா நிக்காதீங்க சார், பேனாவை எடுங்க. கட்டில் மூணு, அஞ்சாம் நம்பர்."

எழுதினேன்.