ஏழாவது பெயர்

எந்த வீட்டுக்குப் போனாலும் டெல்பியா கான்ட்ரெல் கடைக்குட்டியின் பெயரைத்தான் முதலில் கேட்பாள். முப்பது ஆண்டுகளாக இப்படித்தான். பிள்ளைப் பாசம் என்று ஊரில் நினைத்தார்கள்.

அவள் சுரங்கத் தொழிலாளியின் எட்டாவது மகள். அந்த வீட்டிலிருந்து கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள். 1974இல் மேற்கு வர்ஜீனியாவின் சார்ல்ஸ்டனில், சுரங்கத் தொழிலாளர் மருத்துவ நிதி அலுவலகக் கணினிக்கு அசெம்பிளர் என்ற கணினி மொழியில் நிரல் எழுதினாள். குடும்பத்துக்கு ஒரு பதிவு; அதிலுள்ள ஒவ்வொரு பிள்ளையின் பெயருக்கும் ஒரு மருத்துவக் கார்டு அச்சாகும். பிள்ளைகள் கூடக்கூடப் பதிவும் நீளும். நீளம் எவ்வளவு என்பது அதன் தலையிலேயே, முதல் நான்கு பைட்டில் இருக்கும். ஆனால் பதிவை அச்சுக்கு நகர்த்தும் கட்டளை ஒரே மூச்சில் 256 எழுத்துகளைத்தான் சுமக்கும். ஆறு பிள்ளைகள் வரை அது போதும். அதற்கு மேல் போனால், மீதியை நகர்த்த நிரலில் இன்னொரு சுற்று எழுத வேண்டும்.

"ஏழு பெத்தவங்க இந்தக் காலத்துல யாரும்மா இருக்கா, உங்கப்பனத் தவிர?" என்று சிரித்தார் மேலாளர் ராய் ஸ்டில்ட்னர். "திங்கக்கிழமை கார்டு அச்சாகணும். ஓட விடு."

டெல்பியாவும் சிரித்தாள். 256க்கு மேல் வந்தால் வெட்டு என்று எழுதி, ஓரத்தில் 'மீதி பிறகு' என்று குறித்துவைத்தாள்.

பிப்ரவரியில் ஐவா மெடோஸ் என்ற பெண் வந்து மேசையில் ஆறு மருத்துவக் கார்டுகளைப் பரப்பினாள்.

"எங்க கடைக்குட்டி டாபிக்கு மட்டும் கார்டு வரல கண்ணு. நெஞ்சுல சளி. கிளினிக்ல கார்டு எங்கன்னாங்க. எழுதி வாங்கிட்டு வான்னு அனுப்பிட்டாங்க. மலை ரோடெல்லாம் பனி. மூணாம் நாள் போயிட்டான்."

டெல்பியா கார்டுகளை ஒருமுறை எண்ணினாள்.

"ஃபாரத்துல அவன் பேர எழுத நான்தான் மறந்துட்டேனா? கொஞ்சம் பாத்துச் சொல்லேன்."

டெல்பியா உள்ளறைக்குப் போய்க் கோப்பைப் பிரித்தாள். ஏழாவது வரியில், அழுத்தமான எழுத்தில், டாபி, நான்கு வயது. வாசலில் நின்ற ராய் மெல்லத் தலையை ஆட்டினார்: வேண்டாம்.

"ஃபாரம் இப்ப கைல இல்லம்மா. தேடிப் பாத்து எழுதுறேன்."

"நீயும் சுரங்கத்து வீட்டுப் பொண்ணுதானே, பேச்சுலயே தெரியுது. மறந்துடாத." ஐவா ஆறு கார்டுகளையும் அடுக்கி எடுத்துக்கொண்டு போனாள்.

அன்றே டெல்பியா இரண்டாவது சுற்றை எழுதி முடித்தாள். பதினோரு வரிகள், அரை மணி நேர வேலை.

டெல்பியா ஐவாவுக்கு எழுத வேண்டியிருந்தது ஒரே வரி: நீங்கள் மறக்கவில்லை. எழுதினால் வேலை போய்விடும் என்று பயந்தாள். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு எதற்குப் பயந்தாள் என்பது அவளுக்கே தெரியவில்லை.

ஐவா 1998இல் இறந்தாள். ஆறு ஆண்டு கழித்து டெல்பியாவும். அவள் மேசை இழுப்பறையில் ஒரு உறை இருந்தது. ஐவாவின் முகவரி எழுதி, தபால்தலை ஒட்டியிருந்தது. உள்ளே ஒன்றுமில்லை.