ஜெசிந்தா அக்கா எரிச்ச கிளச்

இண்டைக்குக் கராஜிலை வைச்சு என்ரை மானம் போச்சுது!

போகவேண்டிய மானம்தான். அதாலை நானே எழுதிறன்.

தெரியாத ஆக்களுக்கு: நான் கார் ஓடப் பழக்கிறனான். பதினொரு வருஷமா. எங்கடை காரிலை பழகிற ஆளுக்கு ஒரு கிளச், ஒரு பிரேக். பக்கத்துச் சீற்றிலை இருக்கிற எனக்கும் ஒரு கிளச், ஒரு பிரேக். ரெண்டு கிளச்சும் உள்ளுக்கை ஒண்டாப் பூட்டியிருக்கு. ஒண்டை மிதிச்சா மற்றதும் கீழை போகும்.

ரெண்டு மாசமா என்னட்டைப் பழகிறவா ஜெசிந்தா அக்கா. குருநகர். மனிசன் கடலுக்குப் போறவர். மீனைச் சந்தைக்குக் கொண்டுபோகச் சின்ன லொறி ஒண்டு வாங்கி வைச்சிருக்கினம். ஓட ஆள் இல்லை. அக்கா லைசன்ஸ் எடுத்தாத்தான் அது வாசலை விட்டு வெளிக்கிடும். வாற கிழமை அவாக்கு ட்ரயல், லைசன்ஸுக்கு ஓடிக்காட்டிற சோதனை.

அக்காவிலை எனக்கு ஒரே ஒரு குறைதான்: கிளச்சிலையே கால் கிடக்குது. அப்பிடி அரைவாசி மிதிபட்டுக் கிடந்தா உள்ளுக்கை இருக்கிற பிளேட் தேஞ்சு எரிஞ்சுபோம்.

"கிளச்சிலை இருந்து காலை முழுசா எடுங்கோ!" நாளாந்தம் கத்துவன்.

"எடுத்திட்டன் தம்பி. பெடல்தான் முழுசா மேலை வருதில்லை."

நான் சிரிப்பன். (பெடலிலை பிழையாம்!)

போன கிழமை நீர்வேலிப் பக்கம் ஓடேக்கை கார் இழுக்கேல்லை. நாலாம் கியர். அக்கா அக்சிலேற்றரை மிதிக்க எஞ்சின் கத்துது, கார் அதே வேகத்திலைதான் போகுது. பிறகு அந்தக் கருகின மணம். கிளச் வழுக்குது எண்டு விளங்கீட்டுது.

பின்சீற்றிலை பழக வந்த வேற ரெண்டு பேர். அவைக்கு முன்னாலையே விழுந்து கத்தினன்.

"எத்தினை தரம் சொல்லுறது? கிளச்சை எரிச்சுப்போட்டியள்! உங்களுக்கு உது சரிவராது அக்கா. ஆரும் ட்ரைவரைப் பிடியுங்கோ."

அக்கா காரை ஓரம் கட்டினா. நியூட்ரலுக்குப் போட்டு, ஹாண்ட்பிரேக்கை இழுத்திட்டுத்தான் இறங்கினா. எல்லாம் நான் சொல்லிக்குடுத்த ஒழுங்கிலை. பஸ்ஸிலை வீட்டை போட்டா. அடுத்த நாள் வரேல்லை. அதுக்கடுத்த நாளும் வரேல்லை.

நான் போன் எடுக்கேல்லை. (கெப்பர், திமிர்!)

இண்டைக்குக் காலமை கொக்குவிலிலை நிரோசன்ரை கராஜுக்குப் போனன். நிரோசனும் முந்தி என்னட்டைப் பழகினவன்தான். ஹாண்ட்பிரேக்கை இறுக்கி இழுத்தான். மூண்டாம் கியர் போட்டு, கொஞ்சம் ரேஸ் குடுத்து, கிளச்சை மெதுவா விட்டான்.

நல்ல கிளச் எண்டா எஞ்சின் உடனை நிக்கவேணும். எங்கடை எஞ்சின் ஒண்டும் நடக்காத மாதிரி ஓடிக்கொண்டு நிண்டுது.

"கிளச் பிளேட் முடிஞ்சுது அண்ணை."

"எனக்குத் தெரியும். குருநகர் அக்கா ஒராள். எந்த நேரமும் கிளச்சிலை காலை வைச்சுக்கொண்டுதான் ஓடுறவா." கராஜிலை நிண்ட எல்லாருக்கும் கேக்கிற மாதிரிச் சொன்னன்.

நிரோசன் என்ரை பக்கத்துக் கதவைத் திறந்து குனிஞ்சு டோர்ச் அடிச்சான்.

"அண்ணை, உங்கடை பக்கக் கிளச்சை எப்ப மிதிப்பியள்?"

"ஆபத்துக்கு மட்டும்தான். மாசத்திலை ரெண்டு மூண்டு தரம்."

"அப்ப உந்த ரப்பர் ஏன் மொட்டையாக் கிடக்கு?"

எட்டிப் பாத்தன். பிரேக் ரப்பரிலை வரியெல்லாம் புதுசு மாதிரி இருக்கு. கிளச் ரப்பரிலை ஒரு வரி இல்லை. வழுவழு எண்டு தேஞ்சுபோய்க் கிடக்கு.

"ஏறி இருங்கோ" எண்டான். தான் ட்ரைவர் சீற்றிலை இருந்து கராஜ் முத்தத்திலை ஒரு வட்டம் சுத்தினான்.

"இப்ப உங்கடை காலைப் பாருங்கோ."

பாத்தன். என்ரை இடது கால் கிளச்சுக்கு மேலை! எப்ப வைச்சனான் எண்டே தெரியேல்லை. பழகிறவை எங்கையும் கொண்டுபோய் அடிச்சுப்போடுவினம் எண்ட பயம். அந்தப் பயத்திலை பதினொரு வருஷமா அங்கைதான் கிடந்திருக்கு.

நிரோசன் சிரிக்கேல்லை.

"நான் பழகேக்கையும் பெடல் முழுசா வாறேல்லை அண்ணை. நீங்கள் பேச, என்ரை கால்தான் பிழையாக்கும் எண்டு நினைச்சன்."

சத்தியமா, நிலம் பிளந்தா உள்ளுக்கை போயிருப்பன். அவ்வளவு வெக்கம்.

பின்னேரம் புதுப் பிளேட் போட்டு முடிய நேரா குருநகர் போனன். வாசலிலை லொறி நிக்குது. அக்கா வெளியிலை வந்தா.

"லொறியை விக்க ஆள் பாக்கச் சொல்லிப்போட்டம் தம்பி" எண்டா. கோவமாக்கூடச் சொல்லேல்லை. அதுதான் கூடச் சுட்டுது.

"அக்கா, கிளச்சை எரிச்சது நான். நீங்கள் காலை எடுத்தது உண்மை. என்ரை கால்தான் மிதிச்சுக்கொண்டு இருந்திருக்கு. அண்டைக்கு ஆக்களுக்கு முன்னாலை பேசினது சரியான பிழை. அவைக்கும் சொல்லுறன். மன்னிச்சுக்கொள்ளுங்கோ."

அக்கா வாசல் படியாலை இறங்கிக் கிட்ட வந்தா.

"அப்ப... எனக்கு ஓடத் தெரியுமோ தம்பி?"

கார்ச் சாவியை அவாவிட்டை நீட்டினன்.

"தெரியும் அக்கா. முதலே தெரியும்."

"அப்ப வாங்கோ பாப்பம். ஆனா நீங்கள் காலை மடிச்சுக்கொண்டுதான் இருக்கவேணும்!"

கடற்கரையிலை ஆளில்லாத வெளியாப் பாத்து, பக்கத்துச் சீற்றிலை சம்மணம் கட்டி இருந்தன். (தூரத்திலை கிழிஞ்ச வலை பொத்திக்கொண்டிருந்த ஆக்கள் எழும்பி நிண்டு பாத்தவை.) அக்கா கிளச்சை விட்டா. ஒரு உதறல் இல்லை. ரெண்டாம் கியர். மூண்டாம் கியர். தண்ணி மாதிரிப் போகுது. எனக்குத்தான் இடது கால் தன்ரை பாட்டிலை கிளச்சைத் தேடி இறங்கப் பாக்குது, கையாலை பிடிச்சுக்கொண்டு இருந்தன்.

அக்கா முன்னாலை பாத்த கண்ணை எடுக்காமல் சொன்னா:

"பயப்பிடாதேங்கோ தம்பி. நான் பாத்து ஓடுவன்."

பதினொரு வருஷத்திலை நான் ஒருத்தருக்கும் "பயப்பிடாதேங்கோ" எண்டு சொன்னதில்லை.

என்னட்டைப் பழக வந்து, "எனக்கு வராது" எண்டு இடையிலை விட்ட ஆக்கள் ஆரும் இதை வாசிச்சா, தயவுசெய்து கமெண்டிலை சொல்லுங்கோ. நானே வீட்டை வாறன்.

உங்களுக்குக் கார் ஓட வரும். வராமல் பண்ணினது நான்.