ஒரு சாண் ஜன்னல்

சென்னையில் இருபத்தெட்டு வருடம் வியர்த்துக் கொட்டியவளுக்குப் புனே வெயில் ஒரு வெயிலாகவே படவில்லை. அங்கே பாணேர் பகுதியில் பதினோராவது மாடியில் குடியேறியபோது, "இந்த ஊருக்கெல்லாம் ஏசி எதுக்கு?" என்று கணவரிடம் வாயடித்தவள் நான்தான். ஏப்ரல் பிறந்ததும் வாயை மூடிக்கொண்டேன். எங்களுக்கு முன்னால் துவண்டது மகளின் முயல். சாம்பல் நிறக் காதுகள் அதற்கு. பத்து வயது மகள் அதற்கு வைத்த பெயரை இங்கே எழுத எனக்கு மனம் வரவில்லை.

முயலுக்கு வியர்க்காது, காது வழியாகத்தான் சூடு வெளியேறும் என்று படித்திருந்தேன். அதனால் கூண்டு இருந்த அறைக்கு ஒரு கூலர் வாங்கினேன். தண்ணீரில் நனைந்த புல் தட்டி வழியாகக் காற்றை இழுத்து வீசுமே, அது. சென்னையில் எங்கள் வீட்டில் ஏசிதான். ஏசி போட்டால் கதவு, ஜன்னல் எல்லாம் சாத்த வேண்டும் என்பது ரத்தத்தில் ஊறிய பழக்கம். அதே பழக்கத்தில் தினமும் ஜன்னலை இறுகச் சாத்தி, கூலரைப் போட்டுவிட்டு ஆபீசுக்குக் கிளம்புவேன். இருபது நாள் முயல் துள்ளித் திரிந்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை சீக்கிரமே வீடு திரும்பியபோது அந்த அறையின் திரைச்சீலை ஆடியது. விலக்கிப் பார்த்தால், ஜன்னல் ஒரு சாண் திறந்திருந்தது. வீட்டு வேலைக்கு வரும் மாவ்ஷி சமையலறையில் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தார்.

"ஸஷாலா ஹவா பாஹிஜே, தாயி," என்றார் மராத்தியில். முயலுக்குக் காற்று வேண்டுமாம். நான் போன பிறகு தினமும் திறந்து வைத்து, நான் வருமுன் சாத்திவிடுவாராம். எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. குளிர்ச்சியையெல்லாம் வெளியே விட்டுவிட்டு எனக்கே பாடம் எடுக்கிறாரா? இனி அந்த ஜன்னலில் கை வைத்தால் வேலைக்கே வர வேண்டாம் என்று அரைகுறை இந்தியில் கத்தினேன். அவர் தலையாட்டிவிட்டு மறுபடி குழாயைத் திறந்தார்.

சனி, ஞாயிறு வழக்கம்போல முயல் எங்களோடு ஹாலில் கிடந்தது. திங்கட்கிழமை மதியம், கோடை வகுப்பு முடிந்து வந்த மகள் ஆபீசுக்குப் போன் செய்தாள்.

"அம்மா, அது எழுந்துக்கவே மாட்டேங்குது. வாயைத் தொறந்து தொறந்து மூச்சு விடுது. சீக்கிரம் வா."

நான் போய்ச் சேர்ந்தபோது கூலர் ஓடிக்கொண்டுதான் இருந்தது. அறை சென்னையின் மே மாதம் போலப் புழுங்கிக் கிடந்தது. முயலின் காதைத் தொட்டேன், கொதித்தது. ஈரத்துணியில் பொதிந்து ஆட்டோவில் ஓடினோம். மருத்துவரின் மேசையில் வைத்தபோது உயிர் இல்லை.

மகள் வெளியே பெஞ்சில் அழுதுகொண்டிருந்தாள். ஜன்னல் திறந்திருந்ததா என்று மட்டும் மருத்துவர் என்னிடம் கேட்டார். சாத்திய அறையில் கூலர் ஈரத்தைத்தான் நிரப்புமாம், குளிர்விக்காதாம். இருபது நாளும் அதை உயிரோடு வைத்திருந்தது நான் அல்ல, மாவ்ஷி திறந்த அந்த ஒரு சாண் என்று அப்போதுதான் உறைத்தது.

மறுநாள் மாவ்ஷி வந்து காலிக் கூண்டைப் பார்த்தார். பிறகு ஜன்னலைப் பார்த்தார். என்னைப் பார்க்கவில்லை. வீங்கிய கண்களோடு மகள் அவர் பக்கத்தில் வந்து நின்றாள்.

"போன வாரம் ஃபுல்லா நல்லாத்தானேம்மா இருந்துச்சு? நேத்து மட்டும் என்ன ஆச்சு?"

"வெயில்," என்றேன். மாவ்ஷிக்குத் தமிழ் தெரியாதது அன்று எனக்கு வசதியாகப் போயிற்று.