காப்புக் கட்டிய பிறகு வந்த போன்

சினிமா பார்க்கும்போது நான் ஹீரோவைப் பார்ப்பதில்லை. அவருக்குப் பின்னால் இருக்கிற சுவரைப் பார்ப்பேன். அம்மா இறந்து மகன் கதறுகிற காட்சியில் தியேட்டரே மூக்கை உறிஞ்சும். நான் மட்டும், இவ்வளவு ஏழைக்கு இவ்வளவு அழகான பச்சைச் சுவர் ஏது என்று யோசித்துக்கொண்டிருப்பேன். பாட்டிலும் அதே கிறுக்குதான். எந்தப் பாட்டைக் கேட்டாலும், இதற்கு எப்படிப்பட்ட அறை, ஜன்னல் எந்தப் பக்கம் என்று மனம் கட்டிடம் கட்ட ஆரம்பித்துவிடும். வயலினுக்கு உயரமான கூரை வேண்டும். பறைக்குக் கூரையே கூடாது. இதையெல்லாம் நண்பர்களிடம் விளக்கமாகச் சொன்னேன். இப்போது என்னோடு யாரும் படத்துக்கு வருவதில்லை.

திருச்சியில் இன்டீரியர் டிசைன் படித்துவிட்டு, புதுக்கோட்டையில் ஒரு கடையில் ஃபால்ஸ் சீலிங் வரைகிறேன். இலுப்பூர் பக்கத்தில் இருக்கிற எங்கள் ஊரிலிருந்து தினமும் பஸ். கடைக்கு வருகிற எல்லோரும் போனில் ஒரே படத்தைத்தான் காட்டுவார்கள்: நடுவில் தாமரை, சுற்றிலும் நீல லைட். "இதே மாதிரி வேணும் தம்பி, ஆனா யாரு வீட்லயும் இருக்கக் கூடாது" என்பார்கள். எத்தனையோ குடும்பங்கள் நான் வரைந்த தாமரைக்குக் கீழே தூங்குகின்றன. இதைவிடப் பெரிய பாவம் நான் செய்ததில்லை.

இதிலிருந்து தப்பிக்க எனக்கு ஒரே ஒரு வழிதான் இருந்தது. சென்னையில் சினிமாவுக்கு செட் போடுகிற கலை இயக்குநர் ஒருவருக்கு என் வரைபடங்களை அனுப்பியிருந்தேன். ஆள் தேவைப்பட்டால் கூப்பிடுவதாக அவருடைய உதவியாளர் சொன்னார். வேலை கிடைத்தால் மகன் பால்குடம் எடுப்பான் என்று அம்மா எங்கள் ஊர் மாரியம்மனுக்கு நேர்ந்துகொண்டாள். பிறகு அதிலும் அவசரம்.

"கெடைச்ச பின்னாடி எல்லாருந்தான் எடுப்பாங்க. நீ முன்னாடியே எடுத்திரு. ஆத்தா மனசு எறங்கும்."

"அட்வான்ஸாம்மா?"

"வாயைக் கழுவுடா."

திருவிழாவுக்குக் காப்புக் கட்டிய அன்று நானும் கையை நீட்டினேன். மஞ்சள் கிழங்கு கோத்த கயிறு. அதைக் கட்டிக்கொண்டவன் பால்குடம் முடிகிறவரை வெளியூரில் ராத் தங்கக் கூடாது. எனக்கென்ன, சாயங்காலம் பஸ் ஏறினால் வீடு. கவலையே படவில்லை.

மறுநாள் போன் வந்தது. அந்த உதவியாளர்தான். கோயில் குழாய் ஸ்பீக்கர் எங்கள் வீட்டைப் பார்த்தே அலறியதால் மாட்டுக்கொட்டகைக்குள் போய்ப் பேசினேன். செட் வேலை ஆரம்பித்துவிட்டதாம். உடனே கிளம்பி வர வேண்டுமாம்.

பூசாரியிடம் ஓடினேன்.

"கழட்டுறது ஒண்ணும் கஷ்டமில்லப்பா," என்றார். "ஆனா இனிமே ஊர்ல எவன் வீட்டு மாடு செத்தாலும் ஒன் பேரைத்தான் சொல்லுவாங்க."

வழியில் இருந்த மாடுகளெல்லாம் நன்றாக அசை போடுகின்றனவா என்று பார்த்துக்கொண்டே வீட்டுக்குத் திரும்பினேன்.

எனக்குச் சாமி பயம் கிடையாது. அம்மா "போகாதே" என்று அழுதிருந்தால் சண்டை போட்டுவிட்டுப் போயிருப்பேன். அவள் அழவில்லை. என் சட்டைகளை மடித்துப் பையில் அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"நீ போயிட்டு வா. நேந்துக்கிட்டது நாந்தானே. எது வந்தாலும் என்னையச் சேரட்டும்."

படத்தில் யாராவது இப்படிப் பேசியிருந்தால் சிரித்திருப்பேன். இவள் பின்னணி இசை எதுவுமில்லாமல், ஒரு காலரை நீவிக்கொண்டே சொன்னாள். பையிலிருந்து சட்டைகளை எடுத்து மறுபடி கொடியில் போட்டேன்.

உதவியாளரைக் கூப்பிட்டேன்.

"அண்ணே, அடுத்த வாரம் வரட்டுமா?"

"அடுத்த வாரம் செட்டையே பிரிச்சிருவோம் தம்பி."

பொய் சொல்ல வராமல் காரணத்தைச் சொன்னேன்.

"எங்க ஊர்லயும் உண்டு," என்றார். "அதனாலதான் காப்புக் கட்டுற அன்னைக்கு நான் ஊர்ப் பக்கமே தலை வைக்க மாட்டேன்."

அவருக்கு இருந்த விவரம் எனக்கு இல்லை. வேறொரு ஆளை எடுத்துவிட்டார்கள். அதற்குப் பிறகு அந்த எண்ணிலிருந்து அழைப்பே இல்லை. நான் கூப்பிட்டாலும் எடுப்பதில்லை.

பால்குட நாளில், தார்ரோடு காலைச் சுட, குடத்தைத் தலையில் வைத்துக்கொண்டு நடந்தேன். பால் ஊற்றி முடிந்ததும் அம்மா ஈரக் குடத்தை வாங்கிக்கொண்டாள்.

"என்ன வேண்டிக்கிட்ட?"

எனக்கு இருந்த வேண்டுதல் ஒன்றுதான். அதுவும் போன வாரத்தோடு முடிந்துவிட்டது. அவள் முகத்தைப் பார்த்ததும் எதையாவது சொல்ல வேண்டியிருந்தது.

"மழை," என்றேன்.

"அதைத்தான் ஊரே கேக்குதே," என்றாள் அம்மா. "ஒனக்குன்னு ஏதாச்சும் கேட்டுருக்கலாம்ல."