வெந்நீர் தசரதனின் குளிர்ப்பை

ஒரகடம் பக்கம் பிரேக் பாகங்கள் செய்யும் ஒரு தொழிற்சாலையில் தசரதன் என்ற பெயரில் மூன்று பேர் வேலை பார்க்கிறார்கள். ஒருவர் பெயின்ட் ஷாப். இன்னொருவர் ஸ்டோர்ஸ். மூன்றாமவர் குவாலிட்டி; அவர்தான் இந்த வரலாற்றின் நாயகர். வெளியிலிருந்து வரும் உதிரிபாகங்களை அளந்து பார்த்து, நல்லதென்றால் பச்சை ஸ்டிக்கரும் கெட்டதென்றால் சிவப்பு ஸ்டிக்கரும் ஒட்டுவது அவர் உத்தியோகம். அவர் பச்சை ஒட்டி அனுப்பிய பாகம் ஒன்றுகூட லைனிலிருந்து திரும்பி வந்ததில்லை. இப்படிப்பட்ட ஒரு மனிதரை உலகம் எப்படிக் கௌரவித்தது என்றால், 'வெந்நீர் தசரதன்' என்று பெயர் வைத்தது.

காரணம் சென்ற வருட கம்பெனி டூர். மாமல்லபுரம். ஒவ்வொரு குடும்பமும் ஒரு பண்டம் கொண்டுவர வேண்டும் என்று ஏற்பாடு. தசரதன் ரோஸ் மில்க் கொண்டுவந்தார். எவர்சில்வர் டிரம்மில் ஐஸ் போட்டு, பஸ்ஸின் கடைசியில், கால் படாத இடமாகப் பார்த்து வைத்தார். கால் படாத அந்த இடத்துக்கு நேர் கீழேதான் இன்ஜின் இருந்தது என்பது பிற்பாடு தெரிந்தது. முதல் டம்ளரை வாங்கியவர் வனமாமலை. மெஷின் ஷாப். ஊர் நாங்குநேரி. இருபது வருடமாகப் படப்பையில் குடியிருந்தும் நாக்கை மட்டும் ஊரை விட்டு நகர்த்தாமல் வைத்திருப்பவர்.

"என்னவே இது, குடிக்கதுக்குக் கேட்டா குளிக்கதுக்கு வெந்நி போட்டுக் கொண்டாந்திருக்கீரு!"

அவ்வளவுதான். பஸ் திரும்பி வந்து சிங்கப்பெருமாள் கோவிலில் ஆட்களை இறக்கும் முன் பெயர் அமலுக்கு வந்துவிட்டது. கேன்டீனில் "வெந்நீர் சாருக்கு ஒரு ஊத்தப்பம்" என்று குரல் எழும். புதிதாகச் சேர்ந்த ஒரு பையன் 'வெந்நீர்' என்பது அவருடைய இனிஷியலின் விரிவு என்றே நம்பி, மரியாதையாக மெயிலில் 'வெ. தசரதன்' என்று அடித்து அனுப்பினான்.

தன்னோடு போயிருந்தால் தசரதன் இதையும் பொறுத்திருப்பார். அவருடைய மகள் கலைமதி டிப்ளமோ முடித்து, அதே தொழிற்சாலையில் டிரெய்னியாகத் தேர்வாகிவிட்டாள். திங்கட்கிழமை சேர வேண்டும். எங்கள் பக்கத்துத் தொழிற்சாலைகளில் முதல் நாள் ஒட்டுகிற பெயர் ரிட்டயர்மென்ட் வரை உரியாது. முதல் நாள் சேஃப்டி வகுப்பில் வாயைப் பிளந்த ஒருவர் இன்று மேனேஜர். ஏசி அறை, கார், எல்லாம் உண்டு. அவர் தலை மறைந்ததும் 'கொட்டாவி' என்றுதான் சொல்கிறார்கள். கலைமதி கேட்டைத் தாண்டிய நிமிடமே 'வெந்நீர் பொண்ணு' ஆகிவிடுவாளே என்று தசரதனுக்குச் சோறு இறங்கவில்லை.

விதி ஒரு வாய்ப்புக் கொடுத்தது. இந்த வருட டூர், அந்தத் திங்கட்கிழமைக்கு முந்தின ஞாயிறு. மறுபடியும் மாமல்லபுரம். வெயில் மட்டும் சென்ற வருடத்தைவிடக் கூடுதல்.

"இந்த வருசம் மோரு என் பொறுப்பு. ஜில்லுனு வரும்," என்று தசரதன் கேன்டீனில் எழுந்து நின்று அறிவித்தார்.

"வரட்டும் வே. நான் தேயில கொண்டாரேன். எதுக்கும் இருக்கட்டும்," என்றார் வனமாமலை.

அன்று மாலையே குன்றத்தூர் கடைத்தெருவில் குளிர்ப்பை தேடும் படலம் தொடங்கியது. உள்ளே வெள்ளித்தாள், நடுவே பஞ்சு, முதுகில் மாட்ட இரண்டு பட்டை, இதுதானே பை என்று மற்றவர்கள் நினைக்கலாம். தசரதன் சட்டைப்பையிலிருந்து வெர்னியர் காலிப்பரை எடுத்தார். பஞ்சின் தடிமனை மூன்று இடத்தில் அளந்தார். ஜிப்பை ஏழெட்டுத் தடவை இழுத்து, பல் இடறுகிறதா என்று காது வைத்துக் கேட்டார். உள்தாளின் மூட்டு தைத்ததா ஒட்டியதா என்று விரல் நகத்தால் பார்த்தார். தைத்திருந்தால் ஊசித் துளையில் தண்ணீர் கசியும். கறுப்பு வெயிலை வாங்கும், வேண்டாம். வெள்ளை அழுக்காகும், வேண்டாம். நியாயமாக யோசித்து ஆரஞ்சு நிறத்தில் வந்து நின்றார்.

கடைக்காரர் இதையெல்லாம் மிகுந்த அனுதாபத்தோடு பார்த்துக்கொண்டிருந்தார்.

"எந்த கம்பெனிக்கு சார் ஓட்டப் போறீங்க?"

"ஓட்டறதா? இன்னா ஓட்டறது?"

"தப்பில்ல சார். எம் மச்சான் கூட சாயங்காலத்துல சாப்பாடு டெலிவரிதான் ஓட்டினுகீறான். ஓட்டறவங்கன்னா வெலையில கொறச்சித் தருவேன்."

தசரதன் கௌரவத்தைக் காப்பாற்றிக்கொண்டு முழு விலை கொடுத்தார்.

சோதிக்காத பொருளை அவர் நம்புவதில்லை. வெள்ளிக்கிழமை, செங்கல் போல உறைந்த நீல நிற ஐஸ் பேக்குகளும் ஒரு பாட்டில் தண்ணீருமாகப் பையை மாட்டிக்கொண்டு பைக்கில் வேலைக்குப் போனார். கேட்டில் செக்யூரிட்டி தேவராஜன் தடியைக் குறுக்கே நீட்டினார். தசரதனை வருடக்கணக்காக உள்ளே விடுகிறவர்தான். ஆனால் ஆரஞ்சுப் பை முதுகில் ஏறிவிட்டால் அதற்கு மேலே ஒரு முகம் இருக்கிறது என்பது யாருக்கும் நினைவுக்கு வருவதில்லை.

"டெலிவரியெல்லாம் பின் கேட்டுப்பா."

"யோவ் தேவராஜா, நான்தான்யா."

"நான்தான்னா? ஆர்டரு யாரு பேர்ல கீது, அத்த சொல்லு."

"தசரதன்யா, தசரதன்!"

"எந்த தசரதன்? உள்ள மூணு பேர் கீறாங்க. யாருன்னு கரெக்டா சொல்லு."

தசரதன் ஹெல்மெட்டைக் கழற்றினார். தேவராஜன் முகம் மலர்ந்தது. "அட, நம்ம வெந்நீர் சாரு! இன்னா சார், பார்ட் டைமா? பொண்ணு கல்யாணத்துக்கா?"

இந்த அவமானத்துக்கு ஒரு பலன் இருந்தது. ஷிப்ட் முடிந்து திறந்தபோது தண்ணீர் பல் கூசும் குளிர்ச்சியில் இருந்தது. தசரதன் பையின் நெற்றியில் ஒரு பச்சை ஸ்டிக்கர் ஒட்டினார். வீட்டுக்குப் போகும் வழியில் சிக்னலில் ஒரு குடும்பம் "அண்ணே, எங்க ஆர்டருங்களா?" என்று கேட்டதைக்கூட மன்னித்தார்.

சனிக்கிழமை மாலை வீட்டில் மனைவி உமாதேவியையும் கலைமதியையும் உட்காரவைத்து நடைமுறை விதிகளை விளக்கினார். மோரை முதல் நாளே ஃப்ரிட்ஜில் வைத்துக் குளிரவைத்துவிட வேண்டும். ஐஸ் பேக் இரவு முழுக்க உறைய வேண்டும். குளிர் கீழே இறங்கும் தன்மையது, ஆகவே ஐஸ் மேலேயும் இருக்க வேண்டும். சந்து விட்டால் காற்று புகும், ஆகவே துண்டைச் சுருட்டி அடைக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலே, மூடிய பின் கடற்கரை வரை ஜிப்பைத் திறக்கக் கூடாது. ஒரு தடவை திறந்தால் பாதிக் குளிர் போச்சு.

"யாருமே திறக்கக் கூடாதா?" என்றாள் கலைமதி.

"யாரும். நானே கேட்டாலும் திறக்கக் கூடாது."

உமாதேவி முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார். "அப்ப உள்ள வெச்சது வெச்ச மாதிரியே இருக்குமா?"

"அப்படியே இருக்கும்!" என்றார் தசரதன், தன் மனைவிக்கு விஞ்ஞானம் புரிந்துவிட்ட பூரிப்பில்.

"நல்லதாப் போச்சு," என்றார் உமாதேவி.

ஞாயிறு காலை தசரதன் தன் கையாலேயே அடுக்கினார். கீழே ஒரு ஐஸ் பேக், ஆறு பாட்டில் மோர், மேலே இன்னொரு ஐஸ் பேக், சந்துகளில் துண்டு. ஜிப். ஜிப்பின் வாயில் புதிதாக ஒரு பச்சை ஸ்டிக்கர். பிறகு குளிக்கப் போனார். குளித்துவிட்டு வந்தபோது பை மூடியபடியே இருந்தது, ஸ்டிக்கரும் ஒட்டியபடியே இருந்தது. தூக்கியபோது கொஞ்சம் கனம் கூடியிருந்ததாகப் பட்டது. வயதாகிறது என்று நினைத்துக்கொண்டார்.

குன்றத்தூர் பஸ் நிலையத்தருகே கம்பெனி பஸ் வந்தது. தசரதன் கை காட்டினார். டிரைவர் ஆரஞ்சுப் பையைப் பார்த்தார், நிற்காமல் போனார். கலைமதி ஓடிப்போய் பஸ்ஸின் பக்கவாட்டில் ஓங்கித் தட்டியிருக்காவிட்டால் இந்த வரலாறு அங்கேயே முடிந்திருக்கும். மூவரும் மூச்சிரைக்க ஏறினார்கள்.

"யாரோ அட்ரஸ் கேக்கறான்னு நெனச்சிட்டேன் சார்," என்றார் டிரைவர். பஸ் முழுக்கச் சிரித்தது. தசரதன் சிரிக்கவில்லை. சாயங்காலம் யார் சிரிக்கிறார்கள் பார்ப்போம் என்று பையை மடியில் வைத்துக்கொண்டார். கடைசி சீட் பக்கம் அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

செங்கல்பட்டு தாண்டியதும் தாகம் ஆரம்பித்தது.

"வே, ஒரு வாய் தாருமே. நாக்கு ஒட்டுது," என்றார் வனமாமலை.

"ஜிப்பைத் திறக்க முடியாது."

"பேங்க் லாக்கர்லா தோத்துப் போவும்!"

திருக்கழுக்குன்றம் வருவதற்குள் தசரதனின் மடி லேசாகச் சுட்டது. அதற்கும் அவரிடம் விளக்கம் இருந்தது. "வெளிச்சூடு உள்ள போக முடியாம வெளியவே நிக்குது பாருங்க. அதான் பையோட வேலை," என்று பக்கத்து சீட்டுக்குச் சொன்னார். பக்கத்து சீட்டும் தலையாட்டியது. குவாலிட்டி சொன்னால் யார் மறுப்பது?

கடற்கரைச் சவுக்கு நிழலில் எல்லோரும் பேப்பர் டம்ளரோடு வரிசையில் நின்றார்கள். முதலில் வனமாமலை. தசரதன் பையை மணலில் வைத்து, தொண்டையைச் செருமிக்கொண்டு, ஸ்டிக்கரைக் கிழித்து, ஜிப்பை இழுத்தார்.

ஆவி பறந்தது. அதன் பின்னாலேயே மிளகும் நெய்யும் கலந்த மணம் எழுந்தது. பையின் நடுவே பெரிய அடுக்கு நிறைய வெண்பொங்கல். அதை ஒட்டி மூடி போட்ட சாம்பார் தூக்கு. இரண்டையும் சுற்றி, குளிர்காய்கிறவர்கள் போல ஆறு மோர் பாட்டில்கள். ஐஸ் பேக் எங்குமே இல்லை.

"உமா," என்றார் தசரதன். "ஐஸ் எங்க?"

"அந்த நீலச் செங்கல்லா? அது வூட்லயே கீது. பக்கத்துல இருந்தா பொங்கல் ஆறிடாதா?"

"பொங்கலை யாரு வெக்கச் சொன்னா?"

"இன்னாங்க இது, எதிர் வூட்டுக்கு தெனம் ஒருத்தன் இதே பையில பிரியாணி எத்தினு வரான். தொறந்தா ஆவி பறக்குது. இது சூடு ஆறாத பைதானே? வெச்சது வெச்ச மாதிரியே இருக்கும்னு நீங்கதானே சொன்னீங்க."

"மோரு! மோருக்காக வாங்கின பை!"

"மோரை நான் தொடவே இல்லியே. உங்க ஸ்டிக்கரக்கூட கிழியாம உரிச்சித் திரும்ப ஒட்டிட்டேன். அது ஓரமாத்தானே கீது?"

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலாமில்ல?"

"பஸ்ல சொல்லலாம்னுதான் இருந்தேன். நானே கேட்டாலும் திறக்கக் கூடாதுன்னு நீங்க அவ்ளோ கண்டிசனா சொல்லிட்டீங்க. சொன்னா நீங்க தொறந்துடுவீங்க, உங்க ரூல்ஸ நானே மீறட்டுமா?"

வனமாமலை ஒரு பாட்டிலை எடுத்து, டம்ளரில் ஊற்றி, திரிந்து மிதந்ததை ஊதிவிட்டு ஒரு மடக்குக் குடித்தார்.

"போன வருசத்துக்கு இது தேவல," என்றார் அவர் நிதானமாக. "பச்சப் பிள்ளையக் குளிப்பாட்டுத பக்குவம்."

சவுக்குத் தோப்பே அதிர்ந்தது. எல்லோரும் சிரித்த சிரிப்பில் முதலில் வெடித்தது கலைமதியின் சிரிப்பு என்பதை தசரதன் கவனித்தார். பொங்கல் பத்து நிமிடத்தில் காலியானது. தசரதனை நிஜமாக வாட்டியது அதற்கப்புறம் நடந்ததுதான்: ஆளாளுக்கு வந்து பையைப் பாராட்டினார்கள். "பை சூப்பர் சார். எங்க வாங்கினீங்க?" பையில் குறை இருந்தால் கடைக்காரரிடமாவது சண்டை போட்டிருக்கலாம். அது தன் வேலையைப் பிசகில்லாமல் செய்திருந்தது.

திரும்பும்போது மகளிடம் மட்டும் சொன்னார். "நாளைக்கு உள்ள போனா, டூருக்கு வராதவங்ககிட்டயாச்சும் யாரு பொண்ணுன்னு சொல்லாத. உன் பேரு போதும்."

"சரிப்பா," என்றாள் கலைமதி. அவள் அதை மனதாரத்தான் சொன்னாள்.

திங்கட்கிழமை தசரதன் முன்னதாகவே போய்விட்டார். ஷிப்டுக்குள் நுழைகிறவர்கள் செல்போனைப் பெட்டியில் போட்டுவிட்டுப் போக வேண்டும். அப்புறம் கேட்டுக்கு வந்த கலைமதியின் பெயர் அன்றைய டிரெய்னிகள் பட்டியலில் விட்டுப் போயிருந்தது. மற்றவர்கள் உள்ளே போய்க்கொண்டிருந்தார்கள்.

"உள்ள யாரையாச்சும் தெரியுமாம்மா?" என்றார் தேவராஜன்.

அவள் தயங்கினாள். "எங்கப்பா இங்கதான் வேலை செய்றாரு. தசரதன்."

"எந்த தசரதன்? மூணு பேர் கீறாங்க."

"குன்றத்தூர்."

"ரெண்டு பேர் குன்றத்தூர்மா."

"கண்ணாடி போட்டிருப்பாரு."

"மூணு பேரும் கண்ணாடி."

"குவாலிட்டிங்க!"

"எனக்கு டிபார்ட்மென்ட்லாம் இன்னா தெரியும், நான் வெளிய நிக்கறவன். ஓரமா நில்லும்மா. ஹெச்ஆர் ஒம்போதரைக்குத்தான் வருவாங்க."

முதல் நாளே தாமதம் என்று பதிவானால் அதற்கும் ஒரு பெயர் வைப்பார்கள். கலைமதி வரிசையாக உள்ளே போகும் டிரெய்னிகளைப் பார்த்தாள். கண்ணை மூடிக்கொண்டாள்.

"வெந்நீர் தசரதன் பொண்ணுங்க."

தடி மேலே போனது. "அட, வெந்நீரு பொண்ணா! இத்த மொதல்லயே சொல்றதுக்கு இன்னாம்மா? உங்கம்மா பொங்கலப் பத்தித்தான் காலைலேர்ந்து பேசினுகீறாங்க. போ, போ." பிறகு வாக்கி டாக்கியை எடுத்து, எல்லா ஷாப்புக்கும் கேட்கும்படி சொன்னார்: "மெயின் கேட். வெந்நீரு பொண்ணு உள்ள வருது. வழி காட்டுங்க. ஓவர்."

சோதனை மேஜையில் இருந்த தசரதன் அதைக் கேட்டார். கையில் அன்றைய முதல் பாகம் இருந்தது. அதைத் திருப்பினார். காலிப்பரை வைத்து மூன்று இடத்தில் அளந்தார். ஒரு குறையும் இல்லை. சிவப்பு ஸ்டிக்கர் ஒன்றை உரித்து, அதன் மேல் அழுத்தி ஒட்டினார்.