மாடம்மாளுக்கு முன்னால் இருந்தவர்கள்

நெல்லையப்பன் அண்ணாச்சி போன வருஷம் காலமானார். துட்டி கேட்க வந்தவர்கள் எல்லோரும் அவரை நல்லவர், நல்லவர் என்றார்கள். நல்லவர்தான், நான் இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அந்த நல்லவரோடு உட்கார்ந்து ஒரு பத்திரிகை நடத்திப் பார்த்திருந்தால் தெரியும். கெட்டவன் என்றால் நாலு திட்டுத் திட்டிவிட்டு எழுந்து போய்விடலாம். இவரைத் திட்டினால், "சரிதான் தங்கச்சி, நீ சொல்லுதது நியாயந்தான்" என்பார். அப்புறம் தான் நினைத்ததையே செய்வார். அப்படிப்பட்ட மனுஷரை என்னதான் செய்வது?

வள்ளியூர்ப் பக்கத்திலிருந்து இளவட்டமாகத் திருவனந்தபுரத்துக்கு வந்தவர். சாலைக் கடைத்தெருவில் ஆணி, கீல், தாழ்ப்பாள் விற்கிற கடையில் கடைசிவரை வேலை பார்த்தார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. பாட்டுக் கேட்கிற பைத்தியம். அதுவும் சபாவில் கேட்கிற பாட்டு இல்லை, ரேடியோவில் வருகிற பாட்டும் இல்லை. கோயில் கொடைத் திருவிழா, கல்யாண பேண்டு, பஜனை, சாவு மேளம் இதுதான் அவருக்கு வேண்டும். தெருவில் மேளச் சத்தம் கேட்டால் செத்தது யார் என்று கேட்க மாட்டார். அடிக்கிறது யார் என்றுதான் கேட்பார். கடை முதலாளி தலையில் அடித்துக்கொள்வார்.

இப்படிப்பட்டவர்களைப் பற்றி எழுத ஒருத்தனும் இல்லையே என்று 1971இல் அவரே ஒரு பத்திரிகை தொடங்கினார். பெயர் 'தெருச்சுருதி.' தம்பானூர் ஸ்டேஷனுக்குப் பின்னால் கல்யாணப் பத்திரிகையும் நோட்டீசும் அடித்துக்கொண்டிருந்த நேசையன் அதை அச்சடித்தார். நான் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டர், கிறிஸ்தவ வீட்டுப் பெண். கூட வேலை பார்த்த ஒருத்தியிடம் முதல் இதழைப் பார்த்துவிட்டு நேரே அண்ணாச்சியின் கடைக்குப் போனேன். சண்டை பிடிக்கத்தான் போனேன். "எங்க சபையில கீர்த்தனை பாடுறவங்க எல்லாம் பாட்டுக்காரங்க இல்லியோ?" என்று கேட்டேன். வாங்க வந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். அவர் ஆணியைத் தராசில் போட்டபடியே, "அப்பம் நீயே எழுது தங்கச்சி" என்றார். சண்டை அதோடு முடிந்தது. நான் மாட்டிக்கொண்டேன்.

இதழுக்கு ஒரு ஆள். அட்டையில் படம், உள்ளே நாலு பக்கம், கடைசியில் அவருடைய விலாசம். விலாசம் போடாமல் இதழ் வரக்கூடாது என்பதில் அண்ணாச்சி கறாராக இருந்தார். காரணம் இருந்தது. கோயில் கமிட்டிக்காரர்களும் கல்யாண வீட்டுக்காரர்களும் அதைப் பார்த்துத்தான் ஆளைத் தேடிப் போனார்கள். குழித்துறைக்காரர் ஒருவர், கிளாரினெட் வாசிப்பவர், எங்கள் அட்டையில் வந்த பிறகு அந்த முகூர்த்த மாசத்தில் வீட்டில் தூங்கவே இல்லை என்று சிரித்தார்.

அடுத்த ஆள் யார் என்று நாங்கள் மூன்று பேரும் நேசையன் அச்சகத்தில், காகிதக் கட்டுகளின் மேல் உட்கார்ந்து முடிவு செய்வோம். ஞாயிற்றுக்கிழமை, நான் ஆராதனை முடிந்து வந்ததும் கூடுவோம். முடிவு செய்வோம் என்பது பேச்சுக்கு. உண்மையில் முடிவு செய்தது ஒரு சாவு.

தாணுமாலையன் என்று களியக்காவிளையில் ஒரு நாதஸ்வரக்காரர், நையாண்டி மேளத்துக்கு வாசிப்பவர். அவரைத்தான் எல்லாருக்கும் முதலாவதாகத் தேர்ந்து வைத்திருந்தார் அண்ணாச்சி. ஏதோ யோசனை, இன்னொருவரை முந்திப் போட்டுவிட்டு அவரைத் தள்ளி வைத்தார். அவர் இதழ் அச்சாகி நாங்கள் கொண்டு போனபோது வீட்டு முற்றத்தில் பந்தலைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். அவர் மனைவி அட்டையைப் பார்த்தாள். "கொஞ்சம் முந்திக் கொண்டு வந்திருக்கப்படாதா?" என்று மட்டும் கேட்டாள்.  திரும்பி வருகிற பஸ்ஸில் பாறசாலை தாண்டினதும் அண்ணாச்சி சொன்னார். "இனிமே முந்திப் போறவங்கதான் முந்தி."

அன்றிலிருந்து வயசு வரிசைதான். யார் மூத்தவரோ அவர் முதலில். யார் எத்தனையாவது என்பதை மனசிலேயே வைத்திருந்தார். அதை ஆண்டவரே இறங்கி வந்து கேட்டாலும் மாற்ற மாட்டார்.

இனி மாடம்மாளைப் பற்றிச் சொல்ல வேண்டும். பாறசாலைப் பக்கம் ஒரு சுடலைமாடன் கோயில் கொடையில்தான் அவள் பாடி முதன்முதலில் கேட்டேன். சபையில் தெரிந்தால் என்னைத் தொலைத்துவிடுவார்கள் என்று தலையில் முக்காடு போட்டுக்கொண்டு போனேன். உச்சிப்பொழுது, வில்லுப்பாட்டு. வில்லுக்கு முன்னால், அதை அடிக்கிற வீசுகோலைப் பிடித்து உட்கார்ந்திருந்தவர் வன்னியபெருமாள் புலவர். மாடம்மாளின் செத்துப்போன புருஷனுக்கு அண்ணன். மாடம்மாள் அவருக்கு இடப்பக்கம் இருந்து, கையில் கட்டையைத் தட்டிக்கொண்டு பின்பாட்டுப் பாடினாள். புலவருக்கு எழுபதுக்கு மேல். கதை பாதி போகுமுன் குரல் இறங்கிவிடும். அதற்குப் பிறகு முழுக் கதையையும் இவள்தான் தூக்கிச் சுமந்தாள். அன்றைக்கு அவள் பாடப் பாட, ஆண்கள் எல்லாம் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்கள். எனக்கும் அழுகை வந்துவிட்டது. கடைசியில் மாலை புலவர் கழுத்தில் விழுந்தது. எனக்கு வந்ததே ஒரு கோபம்!

அவளிடமே போய்க் கேட்டேன், உனக்கு ரோஷம் வரவில்லையா என்று. அவள் வெற்றிலை போட்ட வாயோடு சிரித்தாள்.

"ரோஷம் இருந்து என்ன மக்களே செய்ய? அத்தான் பேரைச் சொல்லித்தான் கோயில்காரங்க வாராங்க. எனக்கு ஒரே ஆசைதான். ஒரு கோயில்காரன் எம்பேரைக் கேட்டு எம்வீட்டுக்கு வரணும். வில்லுக்கு முன்னால நான் இருந்து பாடணும். அது ஒருக்கா நடந்தாப் போதும்."

அதை அப்படியே கொண்டுவந்து அண்ணாச்சியிடம் சொன்னேன். அவர் ஏற்கெனவே அவள் பாட்டை எத்தனையோ தடவை கேட்டிருக்கிறார். "இந்தப் பக்கத்துல அவளை மாதிரிப் பாட ஆள் இல்ல தங்கச்சி" என்றார்.

"அப்பம் போடுங்க அண்ணாச்சி."

"அவளுக்கு நாப்பது நாப்பத்திரண்டு இருக்குமா? சின்னப்பிள்ளை. இன்னும் முப்பது வருசம் பாடுவா. எல்லாரும் போவட்டும், அவ கடைசியில நிம்மதியா வரட்டும்."

அந்த வரிசைப்படி முதலில் வந்தது யார் தெரியுமா? வன்னியபெருமாள் புலவர்! குழுவோடு எடுத்த படத்தை அச்சுக்குப் பிளாக் செய்யக் கொடுத்தோம். அட்டைக்கு அடங்க வேண்டும் என்று பிளாக் செய்கிறவன் ஓரத்தை வெட்டிவிட்டான். புலவர் நடுவில் கம்பீரமாக உட்கார்ந்திருந்தார். மாடம்மாளுடைய வலது கையும் கட்டையும் மட்டும் ஓரத்தில் தெரிந்தன. எனக்கு அந்த அட்டையைக் கிழித்துப் போடலாம் போல இருந்தது. அவள் பார்த்துவிட்டு, "கையாவது வந்துச்சே" என்றாள். புலவருக்கு அதற்குப் பிறகு கொடைக்கு மேல் கொடை. எல்லாவற்றுக்கும் இவள்தான் பின்பாட்டு. முன்பெல்லாம் வருஷத்தில் கொஞ்ச நாளாவது வீட்டில் இருப்பாள். இப்போது அதுவும் போயிற்று.

ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் நான் மாடம்மாள் பெயரை எடுப்பேன். ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் அவளுக்கு முன்னால் ஒரு கிழவர் நிற்பார். கொம்பு ஊதுகிற ஒருவர். பழைய கீர்த்தனைகள் பாடுகிற வேதமாணிக்கம் உபதேசியார். தவில்காரர் ஒருவர். சும்மா சொல்லக்கூடாது, எல்லோருமே தகுதியானவர்கள். அதுதான் என் வயிற்றெரிச்சலே. தகுதி இல்லாதவன் என்றால் சண்டை போட்டு ஜெயித்திருப்பேனே.

"அண்ணாச்சி, இந்தத் தாத்தாமாருக்கு நம்ம அட்டை ஒரு மாலை. போட்டுக்கிட்டுப் படுத்துருவாங்க. அவளுக்கு அது ஒரு வாழ்க்கையாக்கும்" என்று ஒருநாள் கத்தினேன்.

"நியாயந்தான்" என்றார் வழக்கம்போல. பிறகு என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். "எனக்கு எல்லாரையும் விட அவ பாட்டுத்தான் பிடிக்கும். பிடிச்சவளைத் தூக்கி முன்னால வச்சா அது பட்சபாதம் இல்லியா தங்கச்சி?"

நேசையனைப் பார்த்தேன். "அண்ணாச்சி சொன்னா பின்னே நமக்கென்ன" என்று அவர் மெஷினைத் துடைக்கப் போய்விட்டார். இரண்டு ஆண்பிள்ளைகள், நான் ஒருத்தி. என்ன செய்ய?

எழுபத்தைந்தில் மழை தொடங்கின சமயம் மாடம்மாளுக்குத் தொண்டை கட்டியது. கொடைகளில் ஓயாமல் பாடினது, மழைக்குளிர், அதுதான் என்றார்கள். மிளகும் பனங்கற்கண்டும் சாப்பிட்டாள். உப்புநீரில் கொப்பளித்தாள். கட்டின தொண்டை திறக்கவே இல்லை. ஓணம் முடிந்து பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோது புற்று என்று சொல்லிவிட்டார்கள். உயிர் பிழைக்க வேண்டுமானால் குரல்பெட்டியை எடுக்க வேண்டும் என்றார்கள். எடுத்தார்கள்.

நாங்கள் பார்க்கப் போனபோது கழுத்தில் துளையும் அதன்மேல் ஈரத்துணியுமாகப் படுத்திருந்தாள். எங்களைக் கண்டதும் எழுந்து உட்கார்ந்து, வாயைத் திறந்தாள். உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. அவளுக்கே அது இன்னும் பழகவில்லை போல. நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். அண்ணாச்சி வராந்தாவுக்குப் போய்ச் சுவரில் நெற்றியை முட்டிக்கொண்டு நின்றார்.

"யாரு முந்திப் போவாங்கன்னு எனக்குத் தெரியும்னு நினைச்சுட்டேனே தங்கச்சி. ஆளுதான் போவும்னு நினைச்சேன். ஆளை வச்சுட்டுப் பாட்டை மேல இருக்கவன் எடுத்துட்டுப் போவான்னு எனக்குத் தோணலியே" என்று அழுதார். அவரைத் தேற்ற எனக்கு மனசு வரவில்லை. பொய் சொல்வானேன், அன்றைக்கு அவர் அழட்டும் என்றுதான் இருந்தது.

அடுத்த இதழ் மாடம்மாள்தான் என்று அங்கேயே சொன்னார். அவள் வீட்டுக்கு வந்த பிறகு போய்க் கேட்டோம். மகள் பேச்சி பக்கத்தில் இருந்தாள். மாடம்மாள் தொண்டையைத் தொட்டு, எழுதுகிற மாதிரி விரலை ஆட்டி, கையை வேகமாக விசிறினாள். பேச்சி சொன்னாள்: "தொண்டை போனதைப் பத்தி ஒண்ணும் எழுதப்படாதாம். பாடுறவளாவே வரணும்னு அம்மை சொல்லுதா."

வெளியே வந்ததும் நான் பிடித்துக்கொண்டேன். "படிச்சிட்டு ஆளுங்க தேடி வருவாங்களே அண்ணாச்சி! வந்தா என்ன சொல்லுவா? வாயில்லாத பிள்ளையை இப்படியா சோதிக்கணும்?"

"அவ கேட்டு நான் செய்யாதது ஒண்ணு போதும்" என்றார். முதல் தடவையாக நியாயந்தான் என்று சொல்லவில்லை.

அந்த இதழ் மாதிரி அவர் எதையும் எழுதினதில்லை. அட்டையில் அவள் முகம் முழுசாக இருந்தது. வாய் திறந்து, கண் மூடி, உச்சத்தில் பாடுகிற முகம். கடைசிப் பக்கத்தில் விலாசம். அதோடு 'தெருச்சுருதி' நின்றுபோனது. அடுத்தது யார் என்று நேசையன் கேட்டபோது, "அதைச் சொல்ல இனி எனக்கு நாக்கு வராது" என்றுவிட்டார். நானும் வற்புறுத்தவில்லை.

ஆட்கள் வரத்தான் செய்தார்கள். நெய்யாற்றின்கரையிலிருந்து, காட்டாக்கடையிலிருந்து என்று கோயில்காரர்கள் அவள் பெயரைக் கேட்டுக்கொண்டு பாறசாலையில் பஸ் இறங்கினார்கள். அம்மை ஊரில் இல்லை என்று பேச்சி பொய் சொல்லி அனுப்பினாள். உள்ளே கதவுக்குப் பின்னால் நின்று மாடம்மாள் அவர்கள் பேசுவதைக் கேட்பாளாம். எப்போதும் ஞாயிற்றுக்கிழமையில்தான் வருவார்கள் என்பதால் அண்ணாச்சியும் ஞாயிறுதோறும் அங்கே போய் உட்கார ஆரம்பித்தார். அந்தப் பொய்யைச் சின்னப்பெண் தலையில் கட்டக்கூடாதாம்.

ஒரு ஞாயிறு நானும் போயிருந்தேன். வித்துராவுக்கு மேலே எஸ்டேட்டிலிருந்து மூன்று பேர் வந்தார்கள். தேயிலை பறிக்கிறவர்களின் மாரியம்மன் கோயில். பெரியவர் தட்டில் வெற்றிலை, பாக்கு, பழம் வைத்துக் கொண்டுவந்திருந்தார். "மாடம்மாள் புலவர் வீடு இதுதானே?" என்று கேட்டார். புலவர்! அவளை யாரும் அதுவரை அப்படிச் சொன்னதில்லை.

அண்ணாச்சி எழுந்து பதில் சொல்வதற்குள் கதவு திறந்தது. மாடம்மாள் கழுத்தைச் சுற்றி முந்தானையைப் போர்த்திக்கொண்டு வெளியே வந்து நின்றாள்.

பெரியவர் குனிந்து கும்பிட்டார். "பங்குனியில எங்களுக்குக் கொடை. உச்சக்கொடைக்கு நீங்கதான் வந்து பாடணும். மலைக்கு மேல இதுவரைக்கும் நல்ல வில்லு வந்ததே இல்ல தாயி."

அவள் இரண்டு கையையும் நீட்டித் தட்டை வாங்கினாள். கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

"சம்மதந்தானே தாயி?"

அவள் சரி என்று தலையை ஆட்டினாள். பெரியவர் முகம் மலர்ந்துவிட்டது. கூட வந்தவர்கள், பஸ் எங்கே நிற்கும், யார் வந்து கூட்டிப் போவது என்று பேச ஆரம்பித்தார்கள். அதற்கும் தலையை ஆட்டினாள்.

அண்ணாச்சி என்னைப் பார்த்தார். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அதை அவர்தான் சொல்ல வேண்டும்.

"அவ பாட மாட்டா ஐயா" என்றார்.

"என்ன சொல்லுதீக? அம்மாதான் சம்மதிச்சாச்சே!"

"குரல் போயிட்டுது. ஆப்பரேசன் ஆயிட்டுது. நான் அதை எழுதல." அவர் கையெடுத்துக் கும்பிட்டார். "நீங்க வந்தது தாமசிச்சுப் போச்சு ஐயா. நாங்கதான் தாமசிச்சுட்டோம்."

மூன்று பேரும் அவளைப் பார்த்தார்கள். மாடம்மாள் தட்டை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு, அப்போதும் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தாள்.